வயசுக்கு யாரு சாட்சி?

போடிநாயக்கனூர்ப் பக்கத்து முதியோர் பென்ஷன் பத்தி எழுதலாம்னு உட்கார்ந்தா கதை அயர்லாந்துல ஆரம்பிக்குது. போடிக்கும் அயர்லாந்துக்கும் என்னய்யா சம்பந்தம்னு அடிக்க வராதீங்க, இருக்கு.

1908-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் முதியோர் பென்ஷன் சட்டம் ஒண்ணு கொண்டு வந்தது. 70 வயசான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரைக்கும். 1909 ஜனவரி 1 முதல் தபாலாபீஸ்ல போய் வாங்கிக்கலாம். அயர்லாந்து அப்போ பிரிட்டனோட சேர்ந்திருந்தது. அங்கே பிறப்பைப் பதிவு செய்ய ஆரம்பிச்சதே 1864-லதான். அப்போ 1909-ல் எழுபது வயசுன்னு வந்து நிக்கிற கிழவர்கிட்ட என்ன காகிதம் இருக்கும்? ஒண்ணும் இருக்காது. அதனால அதிகாரிங்க ஒரு கேள்வி கேட்டாங்க. 1839 ஜனவரி 6-ம் தேதி ராத்திரி அந்த நாட்டையே புரட்டிப்போட்ட ஒரு புயல் அடிச்சது. 'பெரிய காத்தடிச்ச ராத்திரி'ன்னே அதுக்குப் பேர். அது உனக்கு ஞாபகம் இருக்கான்னு கேட்டாங்க. இருக்குன்னா வயசு சரி. ஆச்சரியம் என்னன்னா, எதிர்பார்த்ததை விட ரொம்ப அதிகமான பேருக்கு அந்தக் காத்து நல்லாவே ஞாபகம் இருந்தது :-)

நம்ம ஊர்ல காத்துக்குப் பதிலா ரயில்.

மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-ல். ஏலக்காயும் காப்பியும் மலையிலிருந்து இறங்கி வர்ற ஊர், சரக்கு நிறைய, அதான் ரயில். இரண்டாம் உலகப்போர் நடந்தப்ப இரும்பு வேணும்னு தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. சுதந்திரம் எல்லாம் வந்து, ஐம்பதுகளில்தான் திரும்பப் போட்டாங்க. அதனால போடியில் எண்பது தாண்டினவங்ககிட்ட வயசு கேட்டா 'ரயில் இல்லாத காலத்துல பொறந்தவ', 'ரயிலு திரும்ப வந்தப்ப எனக்கு பால்பல்லு விழுந்துச்சு' என்கிற மாதிரிதான் பதில் வரும். வருஷக் கணக்கு கேட்டா சிரிப்பாங்க. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நாடு முழுக்க ஒரே மாதிரி வந்ததே 1969-ல். அதுக்கு முன்னாடி வீட்டில் பிரசவம், அதிலும் மலையில் லயத்து வீட்டில் பிரசவம்னா, யார் போய் எழுதி வைக்கப்போறாங்க?

இந்த ஒரு சங்கதியை, அதாவது சாட்சியை, கையில் பிடிச்சுக்கிட்டுப் போனாத்தான் ஏலமலைச் சரிவில் வயசானவங்க பொழப்பு அறுபது வருஷமா எப்படி மாறிச்சு, எங்கே மாறலைங்கிறது புரியும். வயசுக்கு சாட்சி, உழைச்சதுக்கு சாட்சி, எந்த ஊர்க்காரர்ங்கிறதுக்கு சாட்சி. மூணும் வேணும். மூணும் இல்லாத ஆளுங்க நம்ம பக்கம் ஏராளம்.

சரி, 1962-க்கு வருவோம்.

அந்த வருஷம் ஏப்ரல் 1-ம் தேதி அன்றைய சென்னை மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியத் திட்டம் ஆரம்பமாச்சு. காமராஜர் முதலமைச்சர். மாசம் 20 ரூபாய். நாட்டில் இதுக்கு முன்னாடியே உத்தரப்பிரதேசம் 1957-ல் ஆரம்பிச்சிருந்தது. மதிய உணவுன்னா காமராஜர்னு உடனே சொல்ற நாம, இந்த இருபது ரூபாயை அவர் கணக்கில் எழுத மறந்துட்டோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வளர்ந்து வந்து பேசினாங்க, எழுதினாங்க, மேடை ஏறினாங்க. பென்ஷன் வாங்கின கிழவிகள் வாங்கிட்டு செத்துப் போயிட்டாங்க. யார் பேசுவா அவங்களுக்காக?

இருபது ரூபாய்னா எவ்வளவுன்னு இப்ப கணக்குப் போட்டா சுவாரசியமா இருக்கு. 1967-ல் அண்ணா ஆட்சிக்கு வந்தப்ப 'ரூபாய்க்கு ஒரு படி அரிசி' திட்டம் சென்னையிலயும் கோவையிலயும் வந்தது. அந்த விலைக்கு இருபது ரூபாய் இருபது படி அரிசி. ஒரு ஆளு ஒரு மாசத்துக்கு சாப்பிட்டு மிச்சம் வைக்கலாம். அது மானிய விலை, வெளிச்சந்தையில் இன்னும் கம்மியாத்தான் கிடைச்சிருக்கும்னு வச்சுக்குங்க. இப்ப இந்தப் பக்கம் வாங்க. 2011-ல் ஜெயலலிதா அரசு 500-ஐ 1000 ஆக்கிச்சு. 2023 ஆகஸ்டில் ஸ்டாலின் அரசு 1200 ஆக்கிச்சு. இன்னைக்குக் கடையில் சாப்பிடுற மாதிரி அரிசி கிலோ ஐம்பது அறுபதுக்குக் குறைஞ்சு இல்லை. 1200-க்கு இருபது, இருபத்துநாலு கிலோ வரும். ஆக, இருபது ஆயிரத்து இருநூறாகி, அரிசிக் கணக்கில் ஏறக்குறைய நின்ன இடத்திலேயே நிக்குது. எண் பெருசாச்சு, மூட்டை பெருசாகலை.

அதிலும் டெல்லி கொடுக்கிற பங்கைக் கேட்டா வயிறெரியும். 1995 ஆகஸ்ட் 15-ல் மத்திய அரசு தேசிய முதியோர் ஓய்வூதியத்தை 75 ரூபாயில் ஆரம்பிச்சது. 2007-ல் இந்திரா காந்தி பேர் வச்சப்ப 200 ரூபாய். 2011-ல் வயசு வரம்பை 65-லிருந்து 60-க்கு இறக்கி, 80 தாண்டினவங்களுக்கு மட்டும் 500 ஆக்கினாங்க. மத்தவங்களுக்கு 2025-லயும் அதே 200தான். பதினெட்டு வருஷமா ஒரு தொகை அசையாம இருக்கிற அதிசயத்தை வேற எங்க பார்க்க முடியும்? எம்.பி. சம்பளத்துல பார்க்க முடியாது.

ஆனா தொகையை விட எனக்கு முக்கியமாப் படுறது அது வந்த விதம். தமிழ்நாட்டில் ரொம்ப காலம் இந்தப் பணம் மணியார்டரில் வந்தது. தபால்காரர் வீட்டுப் படியேறி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, கைநாட்டு வாங்கிக்கிட்டுக் கொடுப்பார். சில இடத்தில் ஐஞ்சோ பத்தோ எடுத்துக்கிட்டுக் கொடுக்கிற பழக்கமும் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லலை. இருந்தாலும் யோசிச்சுப் பாருங்க. வாழ்நாள் பூரா யாருமே ஒரு கடிதாசி போடாத ஒரு அம்மா. மகன் வீட்டுத் திண்ணையில் ஒரு ஓரம். மாசத்துல ஒரு நாள் சர்க்கார் ஆளு வந்து அவங்க பேரைத் தெருவுல நின்னு கூப்பிடுறார். அன்னைக்கு ஒரு நாள் மருமகளும் 'வாங்க சாப்பிட'ன்னு சொல்லும். இருபது ரூபாயோட மதிப்பு இருபது படி அரிசி மட்டும் இல்லைங்க. பிறகு பேங்குக் கணக்கு, பேங்குக்காரங்க அனுப்புற கையடக்க மெஷின்காரர்னு மாறிச்சு. கமிஷன் ஒழிஞ்சுதுன்னு சொன்னாங்க. ஒழிஞ்சுதோ என்னமோ, பேர் சொல்லிக் கூப்பிடுறது ஒழிஞ்சுது.

திட்டத்தோட பேர்லயே இன்னொரு முடிச்சு இருக்கு. 'ஆதரவற்ற' முதியோர். சம்பாதிக்கிற வயசில் மகன் இருந்தா நீ ஆதரவற்றவர் கிடையாதுன்னு ரொம்ப காலம் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினாங்க. மகன் திருப்பூர்ல இருக்கான், பேச்சுவார்த்தை இல்லைன்னு எந்தக் காகிதத்தில் எழுதிக் காட்டுறது? பெத்தவங்களைக் கவனிக்காத பிள்ளைங்க மேல மனு கொடுக்க 2007-ல் ஒரு சட்டம் வந்தது. கோட்டாட்சியர்கிட்ட மனு கொடுக்கலாம், மாசம் 10,000 வரைக்கும் ஜீவனாம்சம் கேட்கலாம். நல்ல சட்டம்தான். ஆனா நம்ம ஊர்த் தாய்மாருங்க புள்ளை மேல மனு கொடுக்கிறதை விட வடை சுட்டு விக்கப் போயிடுவாங்க.

இப்ப மலைக்கு ஏறுவோம்.

போடியிலிருந்து முந்தல் வரைக்கும் சமவெளி. அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவு, போடிமெட்டு. மெட்டில் ஒரு காலை இந்தப் பக்கம் வச்சா தேனி மாவட்டம், அந்தப் பக்கம் வச்சா இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடுன்னு ஏலமலை விரிஞ்சு கிடக்கு. திருவாங்கூர் ராஜா காலத்தில் ஏலக்காய் சர்க்கார் ஏகபோகம். விளைவிக்கிற காயை அரசுக்குத்தான் கொடுக்கணும். 1896-ல் அந்த ஏகபோகம் போச்சு. தோட்டம் போட்டவங்களில் கம்பம் பள்ளத்தாக்குத் தமிழர்கள் நிறைய. காயெடுக்கப் போனவங்களும் இங்கிருந்துதான். ரோடு வர்றதுக்கு முன்னாடி மலைப்பாதையில் நடைதான். தேவாரத்திலிருந்து சாக்குலத்து மெட்டு ஏறிப் போற பாதையை ரோடாக்கிக் கொடுங்கன்னு இந்தப் பக்கத்து மக்கள் கேட்டுக் கேட்டே ரெண்டு தலைமுறை கிழடாயிடுச்சு.

ஏலக்காய் எடுக்கிற வேலை தேயிலை மாதிரி நின்னுக்கிட்டு கிள்ளுற வேலை இல்லை. செடி ஆள் உயரத்துக்கு மேல நிக்கும், ஆனா காய் காய்க்கிறது அடியில், தரையோட ஒட்டின சரத்தில். குத்துக்கால் வச்சு உட்காரணும், இல்லேன்னா இடுப்பை ஒடிச்சுக் குனியணும். எல்லாக் காயும் ஒண்ணா முத்தாது. முத்தினதை மட்டும் பார்த்து எடுக்கணும், அதனால ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி வரைக்கும் சுத்திச் சுத்தி அதே செடிக்கு வரணும். மழை, ஈரம், அட்டைக்கடி, பூச்சி மருந்து வாடை. பச்சைக்காய் ஐஞ்சாறு கிலோ எடுத்தாத்தான் காய்ஞ்சு ஒரு கிலோ வரும். இதை முப்பது நாப்பது வருஷம் செஞ்ச ஒரு பெண்ணோட முழங்கால் என்ன ஆகும், விரல் நுனி என்ன ஆகும்? விரல் நுனியை ஞாபகம் வச்சுக்குங்க. கடைசியில் அது தேவைப்படும்.

காகிதத்தில் பார்த்தா இந்த உழைப்புக்கு நல்ல பாதுகாப்பு இருந்துச்சு. 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம். தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனாவோட ஏலமும் அதில் உண்டு. குடியிருக்க வீடு, வைத்தியம், பிள்ளைகளுக்குப் படிப்பு எல்லாம் தோட்ட நிர்வாகம் தரணும். 1957-லயே ஏலத்தோட்டங்கள் வருங்கால வைப்பு நிதிச் சட்டத்துக்குள்ள வந்தாச்சு. 1972-ல் கிராஜுவிட்டி சட்டம்: ஐஞ்சு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தா ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். 1995-ல் பி.எஃப்.போட சேர்ந்து பென்ஷன். இந்தப் பழைய சட்டங்கள் எல்லாம் 2025 நவம்பர் 21 முதல் புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள்ள போயாச்சு. ஆனா இன்னைக்குக் கிழவியாகி உட்கார்ந்திருக்கிறவங்க உழைச்ச காலம் பூரா பழைய சட்டக் காலம்தான்.

அந்தச் சட்டம் எங்கே தொடும், எங்கே தொடாதுங்கிறதுதான் விஷயம். முதலில் 25 ஏக்கரும் 30 ஆளும் இருந்தாத்தான் அது தோட்டம். 1981 திருத்தத்தில் 5 ஹெக்டேர், 15 ஆள்னு இறக்கினாங்க. பி.எஃப்.க்கு 20 ஆள் இருக்கணும். மூணாறு தேயிலைக்கு இது சரி, ஆயிரக்கணக்கான ஏக்கர், ஒரே கம்பெனி. ஏலமலை அப்படி இல்லை. ரெண்டு ஏக்கர், நாலு ஏக்கர், எட்டு ஏக்கர்னு துண்டு துண்டான தோட்டங்கள் நிறைய. பெரிய தோட்டத்திலயும் 'செக்ரோல்'ல பேர் இருக்கிற நிரந்தர ஆளுக்குத்தான் எல்லாம். கீழே போடி, சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம், கம்பத்திலிருந்து விடியக்காலை ஜீப்பில் தொத்திக்கிட்டுப் போய் சாயங்காலம் இறங்கி வர்ற பெண்கள் எந்தக் கணக்கு? இன்னைக்கு இந்தத் தோட்டம், அடுத்த வாரம் வேற தோட்டம். கூலி கையில் வாங்குவாங்க. சாட்சி ஜீப் டிரைவர் மட்டும்தான். நாப்பது வருஷம் ஒரே மலையில் உழைச்சிருப்பாங்க, எந்த ஒரு முதலாளிகிட்டயும் தொடர்ந்து ஐஞ்சு வருஷம் உழைச்சதா எழுத்தில் இருக்காது.

ஜீப்புன்னு சொன்னதும் இன்னொண்ணு. பத்து பேர் ஏற வேண்டியதில் இருபது பேர் ஏறி மலைப்பாதையில் கவிழ்ந்த செய்திகளை வருஷாவருஷம் படிக்கிறோம். அது தனியா எழுத வேண்டிய சமாச்சாரம், இங்கே இழுக்கலை.

நிரந்தர ஆளுக்கு மட்டும் சொர்க்கமான்னா அதுவும் இல்லை. லயத்து வீடு வேலையோட ஒட்டின வீடு. 58-லயோ 60-லயோ வேலையை விட்டு நின்னா வீட்டை விடணும். வீட்டைக் காலி பண்ணாதவரை கிராஜுவிட்டியைப் பிடிச்சு வைக்கிற வழக்கம் தோட்டங்களில் உண்டு. கையில் காசு வந்தாத்தான் கீழே வீடு பார்க்க முடியும், வீடு பார்த்துப் போனாத்தான் காசு வரும். இந்தச் சுழலில் மாட்டிக்காம இருக்க ஒரே வழி மகனையோ மருமகளையோ அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்த்து, அவங்க பேர்ல அதே வீட்டில் ஓரமா இருந்துக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கத்து பெட்டிமுடியில் மண்சரிவில் 70 பேர் போனாங்களே, அது இப்படிப்பட்ட லயங்கள்தான். ஒரே குடும்பத்தில் தாத்தா, அப்பா, பேரன்னு மூணு தலைமுறை ஒரே கூரைக்குக் கீழே இருந்தது பாசத்தால மட்டும் இல்லை, போக்கிடம் இல்லாததாலயும்தான்.

பி.எஃப். பென்ஷன் வாங்கறவங்களையும் சொல்லிடறேன். குறைஞ்சபட்சம் 1000 ரூபாய்னு 2014 செப்டம்பரில் வச்சாங்க. பதினொரு வருஷம் கழிச்சு 2025-லயும் அதே ஆயிரம். அதுக்கும் ஒரு நம்பர் வேணும், பேர் எழுத்துப் பிழை இல்லாம இருக்கணும். 'மாரியம்மாள்' மலையாள எழுத்தில் ஒரு மாதிரி, இங்கிலீஷில் ஒரு மாதிரி, ஆதார்ல வேற மாதிரி. ஆபீசுக்கு நடந்தே செருப்பு தேஞ்சிடும்.

மூணாவது சாட்சி ஊர்.

1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரிச்சப்ப தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோட போச்சு. அதோட அரசியலை நிறைய பேர் எழுதியாச்சு. நான் சொல்ல வந்தது சின்ன விஷயம். அன்னைக்கிலேர்ந்து போடிக்காரப் பெண்ணுக்கு உழைப்பு ஒரு மாநிலத்திலயும் முதுமை இன்னொரு மாநிலத்திலயும் ஆகிப்போச்சு. 1980-ல் கேரளத்தில் நாயனார் அரசு விவசாயத் தொழிலாளர்களுக்கு பென்ஷன் கொண்டு வந்தது, மாசம் 45 ரூபாய். உழைச்சவங்களுக்குன்னு, பிச்சையா இல்லாம உரிமையா கொடுத்த பென்ஷன். நம்ம தமிழ்நாட்டிலயும் 1981-ல் ஆதரவற்ற விவசாயத் தொழிலாளர்களுக்குத் தனியா ஒரு ஓய்வூதியம் வந்தது. (பேர்ல மறுபடியும் 'ஆதரவற்ற'. விட மாட்டேங்கிறாங்க.) கேரளத்து மண்ணில் உழைச்ச பெண் கேரளத்தில் குடியிருக்கிறவ இல்லைங்கிறதால அந்த பென்ஷன் கிடையாது. தமிழ்நாட்டில் குடியிருக்கிறவ, ஆனா உழைச்ச உழைப்பு இங்கே பதிவில் இல்லை. அவளுக்கு வேலைக்காரிங்கிற அடையாளம் ரெண்டு பக்கமும் இல்லை. ஏழைங்கிற அடையாளம் மட்டும் ஒரு பக்கம் இருக்கு.

ரெண்டு பக்கமும் ரேஷன் கார்டு வச்சிருந்தவங்களும் உண்டு, ஒளிக்க வேண்டியதில்லை. அதை மோசடின்னு மட்டும் பார்க்க எனக்கு மனசு வரலை. ஆறு மாசம் மேல, ஆறு மாசம் கீழே வாழறவங்களுக்கு எந்தக் கடையில் அரிசி போடுவாங்க? 2020 அக்டோபரில் தமிழ்நாடு 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் சேர்ந்தப்புறம்தான் அதுக்கு ஒரு நேர்வழி வந்தது.

எல்லாம் புலம்பலாவே போகுதேன்னு நினைக்காதீங்க. உண்மையிலேயே நல்லா மாறினதும் இருக்கு. அதெல்லாம் பெரும்பாலும் காசா வராம, சோறா, மாத்திரையா, பஸ்ஸா வந்ததுங்கிறது என் எண்ணம்.

1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டு வந்தது எல்லாருக்கும் தெரியும். 1983 ஜனவரியில் அதை முதியோர் பென்ஷன் வாங்கறவங்களுக்கும் நீட்டினாங்க. சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளோட தாத்தா பாட்டிகளும் தட்டு வாங்கலாம். கூடத்துக்குப் போய் சாப்பிடாதவங்களுக்கு மாசம் 4 கிலோ அரிசி, சாப்பிடுறவங்களுக்கு 2 கிலோ. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு சேலையோ வேட்டியோ. 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசியே இலவசம். மேலே அரிசிக் கணக்கில் பென்ஷன் நின்ன இடத்தில் நிக்குதுன்னு சொன்னேனே, அந்தக் கணக்கைச் சமன் பண்ணினது இதுதான். அரிசி தனியா வந்ததால பென்ஷன் காசு மாத்திரைக்கும் வெத்தலைக்கும் பேரன் கையில் வைக்கிற பத்து ரூபாய்க்கும் மிஞ்சிச்சு. அந்தப் பத்து ரூபாயை லேசா நினைக்காதீங்க. வீட்டில் ஒரு சொல் சொல்ற தைரியமே அதில்தான் இருக்கு.

மாத்திரை விஷயத்தில் கேரளா முன்னாடி போச்சு. 2008-ல் வலி நிவாரண, தணிப்பு சிகிச்சைக்குன்னு ஒரு கொள்கையே அறிவிச்சு, பஞ்சாயத்து அளவில் நர்ஸ் வீட்டுக்கே வந்து படுக்கையில் கிடக்கிறவங்களுக்குப் புண்ணைக் கழுவிக் கட்டு மாத்திட்டுப் போற ஏற்பாடு பண்ணினாங்க. மெட்டுக்கு அந்தப் பக்கம் நர்ஸ் வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தப்ப, இந்தப் பக்கம் அகமலை மாதிரி மலைக் கிராமங்களிலிருந்து டோலி கட்டி ஆளைத் தூக்கிட்டு வந்த படங்கள் பேப்பர்ல வந்துக்கிட்டிருந்தது. 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பிச்சாங்க. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வந்து கொடுக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி திறக்கிறதை விட வயசானவங்களுக்கு இது பெருசு. க.விலக்கு மருத்துவக் கல்லூரி 2004-லயே வந்தாச்சு, ஆனா போடியிலிருந்து அங்கே போகத் துணைக்கு ஒரு ஆள் வேணும், அந்த ஆளுக்கு ஒரு நாள் கூலி போகும். முப்பது மாத்திரைக்கு ஒரு நாள் கூலி. அதனாலயே மாத்திரையை விட்டு, பக்கவாதத்தில் விழுந்தவங்க எத்தனை பேர்! 2021 மே மாசத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லைன்னு ஆனதும் இதே கணக்கில்தான் சேரும். கிழவி தானா ஏறி தானா இறங்கி சந்தைக்கும் ஜி.ஹெச்.சுக்கும் போகலாம், யார்கிட்டயும் பத்து ரூபாய் கேட்டு நிக்க வேண்டியதில்லை.

ரயிலையும் சொல்லிடணுமே. 2010 கடைசியில் அகலப்பாதை ஆக்குறோம்னு போடி ரயிலை நிறுத்தினாங்க. திரும்ப வந்தது 2023 ஜூன் 15-ல். போர் எடுத்துக்கிட்ட காலத்தை விட அகலப்பாதை எடுத்துக்கிட்ட காலம் அதிகமோன்னு ஒரு சந்தேகம் வருது. நல்லவேளை, இந்த இடைவெளியில் பிறந்த பிள்ளைகளுக்கு பர்த் சர்டிபிகேட் இருக்கு.

சாட்சிக் கதைக்குத் திரும்புவோம். அந்தக் காலத்தில் வயசுக்கு சாட்சி கர்ணமும் கிராம முன்சீப்பும். 1980-ல் அவங்க போய் வி.ஏ.ஓ. வந்தார். இல்லேன்னா அரசு டாக்டர் பல்லையும் கண்ணையும் தோலையும் பார்த்து 'சுமார் 65' என்று எழுதிக் கொடுப்பார். மனுஷன் மனுஷனைப் பார்த்து எழுதினது. அதில் தப்பும் இருந்தது, தயவும் இருந்தது. பிறகு வாக்காளர் அட்டை வந்தது, ஆதார் வந்தது. முகாமில் உட்கார்ந்த பையன் 'பாட்டி, வயசு என்ன?'ன்னு கேட்க, பாட்டி 'அம்பது இருக்கும்யா'ன்னு வாய்க்கு வந்ததைச் சொல்ல, கம்ப்யூட்டர்ல ஜனவரி 1-ன்னு ஒரு பிறந்த நாள் ஏறிடுச்சு. நிஜத்தில் 63. காகிதத்தில் 52. அந்தப் பதினொரு வருஷத்தையும் அவங்க காய் எடுத்தே கழிக்கணும். அயர்லாந்துக் கிழவருக்காவது புயல் ஞாபகம் இருக்கான்னு கேட்டாங்க. இங்கே ரயிலைப் பத்தி யாரும் கேட்கலை.

அமைப்பு சாராத் தொழிலாளர்களுக்குன்னு 2019-ல் மத்திய அரசு ஒரு பென்ஷன் ஆரம்பிச்சது, 60-க்கு மேல மாசம் 3000. சேர வயசு 18 முதல் 40 வரை. 2021 ஆகஸ்டில் இ-ஷ்ரம் பதிவு ஆரம்பிச்சது. அதில் வயசு 16 முதல் 59 வரை. அதாவது முதுமைக்கான பதிவேட்டில் முதியவங்களுக்கு இடம் இல்லை. இளசுகளுக்காவது ஆகட்டும், தப்பில்லை. ஆனா 2021-ல் அறுபது முடிஞ்ச ஜீப்புப் பெண்கள், கங்காணி நோட்டிலயும் இல்லை, செக்ரோல்லயும் இல்லை, இ-ஷ்ரம்லயும் இல்லை. நாட்டோட ஏலக்காயில் அவங்க கை படாத காய் எத்தனை இருக்கும்? 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஒரு லாட் கிலோ 7000 ரூபாய்க்குப் போச்சு. 2007-லிருந்து கம்ப்யூட்டர் ஏலம், ஒவ்வொரு லாட்டுக்கும் யார் சரக்கு, எத்தனை கிலோ, என்ன விலைன்னு கச்சிதமா பதிவு இருக்கு. காய்க்கு இருக்கிற ஜாதகம் எடுத்தவளுக்கு இல்லை.

மலை ஏற முடியாமப் போனதும் அவங்க வீட்டில் உட்கார்ந்துடறதில்லை. போடியில் ஏலக்காய் வியாபாரிகளோட குடோன்களில் காம்பு நீக்கி, நிறம் பார்த்து, பருமன் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை இருக்கு. உட்கார்ந்து செய்யலாம், முழங்காலுக்கு சிரமம் கம்மி. நரைச்ச தலைகளை அங்கே நிறையப் பார்க்கலாம். எட்டு மில்லிமீட்டர் காயையும் ஏழரை மில்லிமீட்டர் காயையும் சல்லடை இல்லாமலே விரல் சொல்லிடும். அதே விரலை ரேஷன் கடை மெஷினில் வச்சா 'பதிவாகவில்லை'ன்னு வரும். தமிழ்நாட்டில் 2020-ல் ரேஷன் கடைக்கு கைரேகை மெஷின் வந்தப்ப இது எல்லா ஊர்லயும் நடந்தது, ஆனா வாழ்நாள் பூரா சரத்தையும் காம்பையும் கிள்ளின கைகளுக்கு ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? பிறகு கருவிழி மெஷின் வந்தது. கண்ணில் புரை விழுந்தவங்களுக்கு அதிலயும் தகராறு. வேற ஆளை நியமிச்சு வாங்கலாம்னு ஒரு படிவம் உண்டு. 2025 ஆகஸ்ட் 12-ல் தாயுமானவர் திட்டம்னு 70 தாண்டினவங்களுக்கு வீட்டுக்கே ரேஷன் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பிச்சாங்க. திரும்பவும் ஒரு ஆளு வீட்டு வாசலில் வந்து நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுறார். மணியார்டர் போனப்ப போன அந்தக் கூப்பிடுதல், பல வருஷம் கழிச்சு அரிசி மூட்டையோட திரும்பி வந்திருக்கு.

ஆனா அதுக்கான வயசு ஆச்சுன்னு காகிதம் சொல்லணும். அந்த ஜனவரி 1 இன்னும் அப்படியேதான் இருக்கு.

உங்க வீட்டில், தெருவில் மலைக்கு ஜீப்பில் போற அம்மா, அக்கா யாராவது இருந்தா ஒரு காரியம் பண்ணுங்க. நாற்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கி, தேதி, தோட்டத்து பேர், கங்காணி பேர், அன்னைக்குக் கூலின்னு எழுதி வைக்கச் சொல்லுங்க. எழுதத் தெரியாதுன்னா பேரனை எழுதச் சொல்லுங்க. ஆதார்ல பிறந்த வருஷம் சரியா இருக்கான்னு, அறுபதுக்கு ரொம்ப முன்னாடியே, பார்த்து மாத்தி வைங்க. தாலுகா ஆபீஸில் அந்த நோட்டு செல்லுமா செல்லாதாங்கிறது அடுத்த பேச்சு. முதல்ல நோட்டு இருக்கட்டும்.